மைக்கு சங்கிலி சொன்ன தீர்ப்பு

சங்கிலிபூதத்தானுக்கும் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும் என்பது, கல்யாணமாகி வெகுகாலம் வரைக்கும் அவர் மனைவி இசக்கியம்மாளுக்கே தெரியாது. குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "இருக்கு" என்பார். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றால் "ம்" என்பார். ஊரெல்லாம் கேட்க நாள் பூராவும் பேசிவிட்டு வருகிற மனுசன் வீட்டில் வாயைத் திறக்காதது அவளுக்கு முதலில் கோபமாக இருந்தது. பிறகு அதுவே வசதியாகப் போயிற்று. பீடி சுற்றுகிற நேரத்தில் எதிர்க்கேள்வி கேட்காத ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே.

திருநெல்வேலி தச்சநல்லூரில் அவருக்கு மைக்கு சங்கிலி என்று பெயர். ஆட்டோவின் தலையில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு குழாய் ஸ்பீக்கர். உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, கையில் மைக். கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சர்க்கஸ், கண் மருத்துவ முகாம், காணாமல் போன ஆடு, எதுவானாலும் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வெங்கலத்தில் தட்டியது போல வாசித்துவிடுவார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு மைக்செட் கடையில் குழாய் சுமக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தார். ஒரு தேர்தல் சமயத்தில் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, முதலாளி வேறு வழியில்லாமல் இவர் கையில் மைக்கைத் திணித்தார். அன்றிலிருந்து அது கையை விட்டு இறங்கவில்லை.

காலையில் ஒரு கட்சி, மத்தியானம் துணிப் பதாகையை மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டு எதிர்க்கட்சி. "நீரு எந்தக் கட்சிவே?" என்று கேட்பவர்களிடம், "மைக்குக்கு ஏதுவே கட்சி?" என்று சிரிப்பார். அதுதான் அவர் கொள்கை. எழுதிக் கொடுத்தது அவர்களுடைய பொறுப்பு, உச்சரிப்பு மட்டும் தன்னுடையது.

இப்படி இருந்தவரைத்தான் கொரோனா வந்து வம்பில் மாட்டிவிட்டது.

ஊரடங்கு அறிவித்ததும் எல்லாத் தொழிலும் படுத்துவிட்டது. சங்கிலிக்கு மட்டும் வேலை கூடியது. சுகாதார அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். காலையில் தாளைக் கொடுப்பார்கள், அவர் தெருத் தெருவாகப் போய் வாசிக்க வேண்டும். "பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு! அத்தியாவசியத் தேவையின்றி யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் எனப் பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!" வெறிச்சோடிய தெருவில் தன் குரல் சுவரில் மோதித் திரும்பி வருவதை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. முதல் நாள் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அவருடைய சுற்றில் கடைசித் தெரு வாய்க்கால்கரைத் தெரு. பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்கள். ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டே போகும்போது, மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓய் சங்கிலி! வண்டியைக் கொஞ்சம் நிறுத்தும்!"

ஹரிஹரசுப்பிரமணியன். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஸ்ரீகுமார் ஸ்வீடனில் இருக்கிறான்.

"வெளியிலே வராதே, வராதேன்னு தினம் கத்திண்டு போறீரே, எதுக்குன்னு கேட்டீரா? என் பையன் இருக்கற ஊரிலே ஓட்டல் திறந்திருக்கு. குழந்தைகள் பள்ளிக்கூடம் போறதுகள். 'நீ விவரம் தெரிஞ்சவன், நீயே ஜாக்கிரதையா இருந்துக்கோ'ன்னு ஜனங்ககிட்டே சொல்லிட்டு விட்டுட்டான். அதுக்குப் பேர்தான் அரசாங்கம்!"

"சார், நான் தாள்ல இருக்கதத்தான வாசிக்கேன்" என்றார் சங்கிலி.

அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் எதிர் மாடியிலிருந்து பதில் வந்துவிட்டது. அது அகமது மீரான். காயல்பட்டினத்துக்காரர். மகளின் படிப்புக்காக இங்கே வீடு பிடித்துக் குடும்பத்தை வைத்திருந்தார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் விமானம் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டார்.

"சார், நம்ம ஆளுவகிட்ட அப்படிச் சொல்லி விட்டா என்ன ஆவும்? இன்னைக்கே நெல்லையப்பர் தேரு மாதிரி கூட்டம் கூடிரும். துபாய்ல என் தம்பி ரசீத் இருக்கான். சாமான் வாங்கப் போறதுன்னாலும் போன்ல அனுமதி வாங்கிட்டுத்தான் வெளிய காலு வைக்கணும். மீறுனா அபராதம். ராத்திரி பூரா தெருவுக்கு மருந்தடிச்சுக் கழுவுதான். அதுல்லா அரசாங்கம்!"

மூன்றாவதாக இன்னொரு வீட்டு மாடியில் மாவரைக்கிற ஞானம்பாள் வற்றல் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவின் இட்லி தோசையெல்லாம் அவள் கிரைண்டரிலிருந்து வருவதுதான். அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"பூட்டுததும் தொறக்குததும் கெடக்கட்டும். உள்ள இருக்கவன் வயித்துக்கு என்ன வழி பண்ணுனாங்க, அதச் சொல்லுங்க முதல்ல. எங்க தங்கச்சி திருவனந்தபுரத்துல இருக்கா. ரேசன் கடையில பை பையா சாமான் கொடுக்கான். அங்கன அங்கன அடுக்களை போட்டுச் சோறு பொங்கி வீடு தேடிக் கொண்டு குடுக்கான். தூரத்துச் சீமையெல்லாம் எதுக்கு? இந்தா இருக்கு மலைக்கு அந்தப் பக்கம்!"

ஹரிஹரசுப்பிரமணியனுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ருக்கு, "ஸ்வீடன்லே ரெண்டு பேர் பேசிக்கறதுன்னாலே நாலடி தள்ளி நின்னுதான் பேசுவாளாம், ஸ்ரீகுமாரே சொன்னான். இங்கே இவர் பால்காரன் தோள்லே கை போடாம பால் வாங்க மாட்டார்" என்று சொல்ல, மூன்று மாடியும் சிரித்தது.

சங்கிலியும் சிரித்தார். வண்டியை அணைத்ததை அவரே கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து மற்றத் தெருக்களில் கொஞ்சம் விரசாக வாசித்துவிட்டு, இந்தத் தெருவுக்குப் பொழுதோடு வந்து சேர ஆரம்பித்தார். வேப்பமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டி, தாளை வாசித்து முடித்ததும் சண்டை தொடங்கும். தினமும் புதுச் சரக்கு வரும். சாருக்கு மகன் அனுப்புகிற செய்தி, பாய்க்குத் தம்பி அனுப்புகிற ஆடியோ, ஞானம்பாளுக்குத் தங்கச்சியின் போன். உலகத்து அரசாங்கங்களெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் கை கட்டி நின்று விசாரணைக்கு ஆளாயின. நியூசிலாந்து வந்தது, இத்தாலி வந்தது. சீனா வந்தபோது எல்லோரும் ஒரே கட்சியாகிவிட்டதால் அன்றைக்குச் சண்டை சுவாரஸ்யப்படவில்லை.

ஞானம்பாளுக்கு ஒரு குறை. ஆண்கள் இரண்டு பேருக்கும் தொண்டை பெரிது, தன் பேச்சு அடிபட்டுப் போகிறது என்று.

"அண்ணாச்சி, அந்த மைக்க இங்க குடும்."

"யக்கா, அது சர்க்காரு வேலைக்கு வந்த மைக்கு."

"மைக்கு உம்மதுதான? சர்க்காருக்குத் தாளுதான சொந்தம்?"

சங்கிலி ஒரு தடவை மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டிக்குள் குனிந்தார். கம்பியில்லாத மைக் ஒன்று வைத்திருந்தார். அதைச் சானிடைசர் போட்டுத் துடைத்து, ஞானம்பாள் கயிற்றில் இறக்கிய கூடையில் வைத்தார். கூடை மேலே போனது. அடுத்த நிமிஷம் தச்சநல்லூரில் பாதிப் பேருக்கு, கேரளத்து ரேசன் பைக்குள் என்னென்ன சாமான் இருந்தது என்பது பருப்பு, சர்க்கரை உட்பட ஒலிபெருக்கியில் கேட்டது. பக்கத்துத் தெரு மாடிகளிலும் தலைகள் முளைத்தன. கூடை எதிர் மாடிக்குப் போனது, சார் மாடிக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிச் சானிடைசர் குளித்துவிட்டுத்தான் மேலே ஏறியது.

மூன்றாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய எஸ்.ஐ.க்கு முகமெல்லாம் வேர்வை.

"என்னவே இது? கூட்டம் கூடாதீங்கன்னு சொல்லத்தான உம்ம அனுப்பிருக்கு? நீரே கூட்டம் கூட்டுதீரா?"

"ஐயா, தெருவுல என்னத் தவுர ஒரு சுடுகுஞ்சு கிடையாது. பாருங்க."

எஸ்.ஐ. தெருவைப் பார்த்தார். காலி. அண்ணாந்து பார்த்தார். மாடிக்கு மாடி தலை. யாரையும் எந்தச் சட்டத்திலும் பிடிக்க முடியாது. அவரவர் வீட்டில்தான் அவரவர் இருந்தார்கள். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு, "சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்பும்" என்று ஜீப்பில் ஏறியவர், தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கடைசியில எந்தூரு ஜெயிச்சுது?"

"அதுதானே!" என்றார் ஹரிஹரசுப்பிரமணியன் மாடியிலிருந்து. "பட்டிமன்றம்னா நடுவர் வேணுமோல்லியோ? ஓய் சங்கிலி, தினம் கேக்கறீரே. நீரே தீர்ப்புச் சொல்லும்!"

தெருவே கைதட்டியது. சங்கிலி இரண்டு கையையும் கூப்பினார். மைக்கைப் பிடித்து முப்பது வருசத்துக்கு மேலாகிறது. அதில் சொந்தமாக ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. "நான் வாசிக்கிறவன் சார், எனக்கென்ன தெரியும்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் கேட்டார்கள். அதற்கு மறுநாளும் கேட்டார்கள். "வாரேன், வாரேன்" என்று நழுவினார்.

ஆனால் ராட்டினம் போல மண்டைக்குள் அது சுற்றத் தொடங்கிவிட்டது. சாப்பிடும்போது திடீரென்று, "ஏட்டி, ஸ்வீடன்காரன் செய்யுதது சரியா தப்பா?" என்று கேட்டார். இசக்கியம்மாள் பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள்.

ஒரு சாயங்காலம் சார் மாடியில் சத்தமே இல்லை. ஞானம்பாள் வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். அகமது மீரான் துபாயில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். ஹரிஹரசுப்பிரமணியன் கைப்பிடிச் சுவரோரம் வந்தார். பிறகு மைக் இல்லாமலே சொன்னார்.

"அங்கே முதியோர் இல்லங்கள்லே நிறையப் பேர் போயிட்டாளாம். ஸ்ரீகுமாருக்குத் தெரிஞ்ச ஒரு கிழவரும் போயிட்டார். இவனுக்குச் செஸ் சொல்லிக் குடுத்தவர். ஜனங்களை நம்பினது சரிதான், வயசானவாளை யாரும் பாத்துக்கலையேன்னு அவனே வருத்தப்பட்டான்."

அகமது மீரானுக்கு ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல நல்ல சமயம் அது. அவர் சொல்லவில்லை. "மவன் நல்லா இருக்கான்லா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கான், இருக்கான்."

அன்றைக்குச் சங்கிலி வண்டியைப் பைய உருட்டிக்கொண்டு போனார்.

ஆனி மாதத்தில் அவருக்கே காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வெந்நீரும் கஷாயமுமாகத் தள்ளினார். மூன்றாம் நாள் இசக்கியம்மாள் வைத்த நெத்திலிக் குழம்பைப் பார்த்து, "என்னட்டி, ஒரு வாசமும் இல்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து குழம்பைப் பற்றி அவர் சொன்ன முதல் கருத்து. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டியைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோபம் போய், அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தேடினாள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். சங்கிலி வீட்டுத் தெருவின் இரண்டு முனையையும் தகரம் அடித்து அடைத்தார்கள். உள்ளே இசக்கியம்மாள் ஒற்றையாக. அவளுக்குத் தொற்று இல்லை என்று வந்ததுதான் ஒரே ஆறுதல்.

சங்கிலிக்கு மூச்சு வாங்கியது. மூக்கில் குழாய் வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பேசவும் முடியவில்லை. தொண்டையில் மணலைக் கொட்டியது போலிருந்தது. இனி குரல் வருமா என்று நினைத்தபோதுதான் அவருக்கு முதல்முறையாகப் பயம் பிடித்தது. உயிரைப் பற்றிய பயம்கூட அதற்கு அப்புறம்தான்.

அப்படிப் படுத்திருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே ரோட்டில் ஒரு குரல் கேட்டது. கணீரென்று வெங்கலக் குரல்.

"பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு! முகக்கவசம் அணியாமல் வெளியே வர வேண்டாம் எனப் பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!"

அவருடைய குரலேதான். இவர் நன்றாக இருந்தபோது பதிவு செய்து வைத்திருந்தார்கள். இப்போது வேறு யாரோ ஒருவர் வண்டியில் அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். தான் இங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, தன் குரல் மட்டும் ஜம்மென்று ஆரோக்கியமாகப் பாளையங்கோட்டையில் வலம் வருவதை நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்வேலைக்காரர் சுடலைராஜ் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் தேவலை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "செத்த மூதி, வந்துட்டான் காலங்காத்தால!" என்றார். "அணியாதே, வராதே, நிக்காதே. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லுதானா? நேத்து ரெண்டு மணி வரைக்கும் கடைங்கான், இன்னைக்கு ஒரு மணிங்கான். எங்க ஊருல ஒரு பயலும் இவன் பேச்சக் கேக்குததில்ல."

சங்கிலி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த மூதி நான்தான் என்று சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. ஆனால் அன்று பூராவும் சுடலைராஜ் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். மனுசன் சொன்னதில் தப்பென்ன?

தகரத்துக்கு உள்ளே இருந்த இசக்கியம்மாள் பட்டினி கிடக்கவில்லை. வாய்க்கால்கரைத் தெருவிலிருந்து மாநகராட்சித் தன்னார்வலர் மூலம் தினமும் ஒரு தூக்குச்சட்டி வந்தது. ஒருநாள் ஞானம்பாளின் இட்லி, ஒருநாள் பாய் வீட்டு இடியாப்பம், ஒருநாள் ருக்கு கொடுத்த புளியோதரை. "யாரு ஸ்வீடன், யாரு துபாய்னு எனக்குத் தெரியல, சாப்பாடு மட்டும் மூணும் நல்லா இருக்கு" என்று அவள் போனில் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சங்கிலிக்குக் கண் கலங்கியது.

குணமாகி வீடு வந்து, தனிமைக் காலமும் முடிந்து, ஆடியில் ஒருநாள் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வாய்க்கால்கரைத் தெருவுக்குப் போனார். மாடியெல்லாம் ஒரே ஆரவாரம். குரல் முன்பு போல இல்லை. வெங்கலத்தில் கீறல் விழுந்தது போல ஒரு கரகரப்பு.

"தீர்ப்பு! தீர்ப்பு!" என்றார்கள்.

இந்தத் தடவை அவர் நழுவவில்லை. மைக்கைப் பிடித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எனக்கு ஸ்வீடனும் தெரியாது, துபாயும் தெரியாது. தாளு தெரியும். தினமும் வாசிக்கேன்லா? தாளுல 'வராதே'ன்னு இருக்கு. ஏன்னு இல்ல. நேத்து ஒண்ணு சொன்னீங்களே, இன்னைக்கு ஏன் மாத்துனீங்கன்னு கேட்டா, அதுவும் தாளுல இல்ல. ஆஸ்பத்திரில ஒருத்தரு என் குரலக் கேட்டே வைதாரு. கோவம் வரல. நியாயந்தானன்னு பட்டுது. பூட்டுதவன் பூட்டட்டும், தொறக்குதவன் தொறக்கட்டும். ஜனங்ககிட்ட இன்னது தெரியும், இன்னது எங்களுக்கே தெரியல, அதனால இப்படிச் செய்யுதோம்னு வெளிப்படையாச் சொல்லுதவன் எவனோ, அவன்தான் நல்ல அரசாங்கம். காரணம் சொல்லாமச் சொன்னா அது வெறும் சத்தம். நான் இத்தன வருசமா சத்தந்தான் போட்டிருக்கேன்."

 ஹரிஹரசுப்பிரமணியன்தான் முதலில் துள்ளிக் குதித்தார்.

"அப்போ எங்க கட்சிதான் ஜெயம்! ஸ்வீடன்லே நிபுணர் ஒருத்தர் டிவியிலே வந்து நின்னு, கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றார்!"

"அதெப்படி? கேரளாவுல தினம் சாயங்காலம் கணக்கச் சொல்லுதாங்களே, தங்கச்சி ஒருநாளு விடாமக் கேக்கா. எங்களுக்குத்தான் தீர்ப்பு!" என்றாள் ஞானம்பாள்.

"துபாய்ல எல்லாம் போன்லயே வந்துருது, டிவி எதுக்கு?" என்றார் அகமது மீரான்.

"இப்போ தீர்ப்பு யாருக்குன்னு தெரியணும்னா இன்னொரு நடுவரைக் கூப்பிடணும்" என்றாள் ருக்கு.

அத்தோடு சங்கிலி நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம். மறுநாள் அலுவலகத்துக்குப் போய்த் தாளை வாங்கியவர், "ஐயா, இதுல ஏன்னு ரெண்டு வரி சேத்து எழுதித் தாங்க" என்று கேட்டார். சுகாதார ஆய்வாளர் களைத்துப்போயிருந்தார். "எனக்கே ஏன்னு தெரியலவே, மேலயிருந்து வருது" என்றார். "அப்ப அதையே சொல்லட்டுமா?" என்றார் சங்கிலி. ஆய்வாளர் பதறிப்போய் உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த காரணங்களை எடுத்துச் சொன்னார். அவருக்கும் அதில் ஒரு சந்தோஷம். அவரிடம் அதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தபோது சங்கிலி தாளை வாசித்து முடித்து, அதன் பின்னால் தன் பேச்சில், "ஊசி போட்டா ரெண்டு நாளு கையி வலிக்கும், காய்ச்சலும் வரலாம். நான் போட்டேன், எனக்கு வந்துச்சு, போயிருச்சு. ஆஸ்பத்திரில குப்புறப் படுத்துக் கெடந்ததுக்கு இது எம்புட்டோ தேவல" என்று சேர்த்தார். கீறல் விழுந்த அந்தக் குரலில் அது எடுபட்டது. சில தெருக்களில் பெண்கள் வண்டியை நிறுத்திச் சந்தேகம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார்.

அகமது மீரான் விமானம் விட்டதும் துபாய்க்குப் போய்விட்டார். இப்போதும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாருக்கும் ஞானம்பாளுக்கும் சேர்த்து வீடியோவில் வருவார். நோய்ப் பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது. சண்டை மட்டும் முடியவில்லை. இப்போது எந்த ஊரில் ரோடு நன்றாகப் போடுகிறார்கள் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

மாநகராட்சித் தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் சங்கிலியைத் தேடி வீட்டுக்கே வந்தார். வாக்குக் கேட்கும் வாசகங்கள் எழுதிய தாளை நீட்டினார். அடுக்குமொழி, எதுகை எல்லாம் பிரமாதமாக இருந்தது. சங்கிலி அதை ஒருமுறை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் நல்லாருக்கு தம்பி. உங்களுக்கு ஏன் போடணும்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்களேன்."

வேட்பாளர் சிரித்தார். சங்கிலி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், கூரையைப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அதுவும் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில், "நாளைக்கு எழுதிக் கொண்டு வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து இசக்கியம்மாள் சத்தம் போட்டாள்.

"வாசல் தேடி வந்த வேலையத் தொரத்திட்டு உக்காந்திருக்கீங்களே! முன்னயெல்லாம் இப்படியா இருந்தீங்க?"

"வருவாருட்டி" என்றார் சங்கிலி. "யோசிக்கப் போயிருக்காரு."

மறுநாள் காலையில் வேட்பாளர் நிஜமாகவே வந்தார். புதுத்தாளில் ஒன்றே ஒன்று எழுதியிருந்தார், தெருவில் அடைத்துக்கிடக்கும் சாக்கடையைப் பற்றி. சங்கிலி அதைக் கணீரென்று வாசித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அந்த வேட்பாளர் தோற்றுத்தான் போனார். ஆனாலும் எதிரே பார்க்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "அந்த ஒரு வரிக்குக் கொஞ்சம் ஓட்டு விழுந்துச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.